அவர் ராணுவத்திலும் முடிதான் திருத்தினார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முடிதிருத்தகம் நடத்திவந்த முன்னாள் படைவீரர் ஒருவர் தம் 79ஆம் வயதில் காலமான செய்தியைத் தங்கள் நாளிதழ் சென்ற வாரம் சென்னைப் பதிப்பில் ஒன்பது வரிகளில் வெளியிட்டிருந்தது. ஒரு சலூன்காரரின் மறைவுக்கு ஒன்பது வரி ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அந்த ஒன்பது வரிகளுக்குள் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அவர் காலாட்படையில் துப்பாக்கி ஏந்திப் போரிட்டவர் என்று எழுதியிருந்தது முதல் பிழை. ஓய்வுபெற்று ஊர் திரும்பியபின் வருமானத்துக்காக முடிதிருத்தும் தொழிலை மேற்கொண்டார் என்று எழுதியிருந்தது இரண்டாவது பிழை. தங்கள் செய்தியாளரை நான் குறைகூற மாட்டேன். தெருவெங்கும் ஒட்டியிருந்த இரங்கல் சுவரொட்டியில் கண்டதை நம்பித்தான் அவர் எழுதியிருக்கிறார். சுவரொட்டியை அச்சடித்த எங்கள் தெரு இளைஞர்களும் கெட்ட எண்ணத்தில் அப்படிப் போடவில்லை. பெரியவருக்கு மரியாதை சேர்ப்பதாக நினைத்துக்கொண்டுதான் 'போர்வீரர்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அவர் அறுபது ஆண்டுகள் செய்த தொழிலின் பெயரை விட்டுவிட்டார்கள். அந்த விடுபடல்தான் என்னை இக்கடிதத்தை எழுத வைத்தது.

உண்மை இதுதான். அவர் ராணுவத்தில் சேர்ந்ததே முடிதிருத்துநராகத்தான். இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேல் அங்கே அவர் பார்த்த வேலையும் அதுதான். 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் நடந்த போரில் அவர் இருந்தார், அதற்கான பதக்கங்களையும் பெற்றார்; அந்தக் களத்துக்கும் சவரக்கத்தியையும் கத்தரிக்கோலையும் கைமெஷினையும் படிகாரக் கட்டியையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டுதான் போனார்.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன உரிமை என்று தாங்கள் கேட்கலாம். நான் சென்னைத் துறைமுகத்தில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்றவன். 1987 முதல் மாதம் இருமுறை அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தவன். அதைவிட முக்கியமாக, அவருடைய ஓய்வூதியம் தொடர்பான மனுக்களையெல்லாம் எழுதிக் கொடுத்தவன். மனு எழுதுகிறவனிடம் எதையும் மறைக்க முடியாது. அவர் 'டிஸ்சார்ஜ் புக்' என்று சொல்லும் பணிவிடுவிப்புப் புத்தகத்தை நான் இருபது முறையாவது புரட்டியிருப்பேன். அதில் தொழில் என்ற கட்டத்தில் 'பார்பர்' என்ற சொல் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி அவருடைய பெயரை இங்கே தவிர்க்கிறேன். தெருவில் அவருக்குப் பட்டாளத்தார் என்று பெயர். நேரில் நான் அண்ணே என்பேன். அவரோ பள்ளிச் சிறுவன் முதல் பல்லுப்போன கிழவர் வரை எல்லோரையும் தம்பி என்றுதான் அழைப்பார். தம் வயதுக்காரரையே இவர் ஏன் தம்பி என்கிறார் என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியாளர் படையினருக்கு இந்திய ராணுவம் முழுவதும் வழங்கும் செல்லப்பெயரே 'தம்பி' என்பதைப் பிறகுதான் அறிந்துகொண்டேன். இருபது ஆண்டுகள் காதில் விழுந்த சொல் அவருடைய வாயை விட்டுப் போகவே இல்லை.

மதராஸ் சாப்பர்கள் 1780இல் தொடங்கப்பட்ட பழைய படை. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது அதன் தலைமையிடம். பாலம் போடுவது, பாதை அமைப்பது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததைத் தோண்டி எடுப்பது ஆகியவை அதன் வேலைகள். தமிழும் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் ஒன்றாகப் புழங்கும் அந்தப் படையில் 1966இல் இவர் சேர்ந்தபோது வயது இருபது. அப்பாவுக்குச் சொந்தக் கடை இல்லை. கால்வாய் ஓரத்தில் ஒரு மரத்தடியில் கண்ணாடியை ஆணியில் மாட்டி, எதிரே ஒரு மரப்பெட்டியைப் போட்டுத் தொழில் செய்தவர். ஆள்சேர்ப்பில் வரிசையாக நின்றவர்களிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, தகப்பனார் என்ன வேலை செய்கிறார் என்பது. இவர் சொன்னார், எதிரே இருந்தவர் எழுதிக்கொண்டார். உயரமும் மார்பளவும் சரியாக இருந்தும், துப்பாக்கி தூக்கும் வரிசையிலிருந்து அவரைத் தனியே பிரித்து இன்னொரு வரிசைக்கு அனுப்பினார்கள் என்று அண்ணன் சொல்வார். ராணுவத்தில் சாதியே இல்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் பேசட்டும். எல்லோருக்கும் ஒரே அடுப்பு, ஒரே பந்தி என்பது உண்மை என்று அவரே ஒப்புக்கொள்வார். ஆனால் அப்பாவின் கத்தி மகனின் கைக்கு வந்து சேர்ந்ததற்கு அங்கேயும் அதே காரணம்தான் என்பதையும் அவர் சொல்லாமல் விட்டதில்லை.

முடிதிருத்துநர், சலவையாளர், துப்புரவுப் பணியாளர் போன்றோரைப் 'பதிவுபெற்ற போர்புரியாதோர்' என்ற தனி வகையாக ராணுவம் அந்நாளில் வைத்திருந்தது. பதிவு உண்டு, எண் உண்டு, சீருடை உண்டு, மாற்றல் உண்டு. படை எங்கே போனாலும் கூடவே போக வேண்டும். ஆனால் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கப் பதினைந்து ஆண்டுப் பணி போதும் என்றால், இந்த வகையினருக்கு இருபது ஆண்டு வேண்டும். அண்ணன் 1986 வரை இருந்ததற்கு அதுவே காரணம். அவரோடு சேர்ந்த சிப்பாய் நண்பர்கள் 1981இல் ஊருக்குப் போய் ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியபோது, இவருக்கு இன்னும் ஐந்து ஆண்டுக் காலம் பாக்கி இருந்தது. குண்டு மட்டும் வகை பிரித்துப் பார்த்து விழவில்லை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவருடைய பட்டாளத்துக் கதைகளில் எங்களுக்கெல்லாம் பிடித்தமானது ஒன்று உண்டு. சேர்ந்த புதிதில் வடநாட்டு அதிகாரி ஒருவர் கூடாரத்துக்கு வெளியே நின்று உரக்க அழைத்திருக்கிறார். இந்தியில் நாவிதருக்கு 'நாயீ' என்று பெயர். இவருக்கு அப்போது இந்தி தெரியாது. "நம்மள நாயின்னு கூப்புடறானேன்னு ரெண்டு வேளை சோறு எறங்கல தம்பி," என்பார். ஆந்திரத்துக்காரர் ஒருவர் பொருளை விளக்கிய பிறகுதான் சாப்பிட்டாராம். இதைச் சொல்லிச் சிரித்து முடித்துவிட்டு, கத்தியைத் தோல்வாரில் இரண்டு இழுப்பு இழுத்தபடியே, "ஊர்ல அர்த்தம் தெரிஞ்சே கூப்ட்டானுங்க, அதுக்கு இது பரவால்ல" என்று ஒரு வரி சேர்ப்பார். அந்த வரியைக் கேட்டபின் நாற்காலியில் இருப்பவர் சிரிப்பதில்லை.

இனி 1971. அவ்வாண்டு டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் மேற்குப் பகுதி விமானத் தளங்களைத் தாக்கப் போர் வெளிப்படையாகத் தொடங்கியது. ஜம்முவுக்கும் பஞ்சாபுக்கும் இடையே இந்திய எல்லைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் ஷகர்கர் பகுதியில் நம் படை முன்னேறியது. அங்கே நம்மவர்களை நிறுத்தியது எதிரியின் துப்பாக்கியைக் காட்டிலும் அவன் பல நூறு மீட்டர் அகலத்துக்கு அடுக்கடுக்காகப் புதைத்து வைத்திருந்த கண்ணிவெடிதான். டாங்கிகள் போக வேண்டுமானால் சாப்பர்கள் முன்னே போய் இரவோடு இரவாக வழி திறக்க வேண்டும். தரையைக் குத்திப் பார்த்து, வெடியை எடுத்து, பாதுகாப்பான பாதையின் இரு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போக வேண்டும். டிசம்பர் 15 இரவும் 16ஆம் நாளும் நடந்த பசந்தர் ஆற்றுப் போரை, 21 வயதில் உயிர் நீத்துப் பரம்வீர் சக்ரம் பெற்ற அருண் கேதர்பால் என்ற டாங்கிப்படை அதிகாரியின் பெயரோடு நாடு நினைவில் வைத்திருக்கிறது. அது நியாயமே. அந்த டாங்கிகளுக்கு வழி திறந்தவர்கள் சாப்பர்கள் என்பதும், மதராஸ் சாப்பர்களின் 9ஆவது பொறியாளர் படைப்பிரிவு அதில் இருந்தது என்பதும் நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அண்ணன் கண்ணிவெடி எடுக்கவில்லை. எடுத்ததாக ஒருபோதும் சொன்னதும் இல்லை. பகலில் பதுங்குகுழி வெட்டினார், இரவில் காவல் நின்றார், நாடாச் சுருள்களையும் முளைகளையும் வண்டியிலிருந்து இறக்கிச் சுமந்தார், காயம்பட்டவர்களைத் தூக்கிவர ஆள் போதாதபோது தூக்குப்படுக்கையின் ஒரு முனையைப் பிடித்தார். இவற்றுக்கு நடுவே தம் தொழிலையும் செய்தார். தலையில் அடிபட்டவரை மருத்துவ முகாமுக்கு அனுப்புமுன் காயத்தைச் சுற்றி முடியை மழித்து விடுவது அவருடைய வேலையாக இருந்தது. தமிழ்நாட்டில் எங்கள் பெரியவர்கள் நாவிதரை மருத்துவர் என்று ஏன் அழைத்தார்கள் என்பது தமக்கு அங்கேதான் புரிந்தது என்பார். அவருடைய பாட்டி ஊரில் பிரசவம் பார்த்தவர். தாத்தா கட்டிகளைக் கீறிக் கட்டுப் போட்டவர். அந்தப் பழைய வேலை தமக்கு ஒரு போர்க்களத்தில் திரும்பக் கிடைத்தது என்பதில் அவருக்கு ஒரு பெருமிதம் இருந்தது. போரைப் பற்றிய பேச்சில் அவர் பெருமைப்பட்டு நான் பார்த்தது அந்த ஓர் இடத்தில்தான்.

இரவில் வழி திறக்கப் போகிறவர்கள் மாலையில் வரிசையாக வந்து அவருடைய பெட்டியின் எதிரே உட்காருவார்களாம். யாரும் அவர்களை வரச் சொல்லவில்லை. உறைய வைக்கும் குளிர். ஒரு முகத்துக்கு அரைக் குவளை வெந்நீருக்கு மேல் கிடையாது. நாள் முழுவதும் வாய் ஓயாமல் பேசும் ஆளின் தொண்டையில் கத்தியை வைத்தால், உள்ளே நரம்பு துடிக்கும் வேகம் கைக்குத் தெரியும். "மூஞ்சியப் பாத்தா தெரியாது தம்பி, கழுத்து சொல்லிப்புடும்" என்பார். யாருக்கு நடுக்கம் என்பதை அவர் அதிகாரியிடமோ மற்ற வீரர்களிடமோ சொன்னதில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து என்னிடமும் சொல்லவில்லை.

அவர்களில் ஒருவன் வட ஆர்க்காட்டுப் பையன். தலையின் உச்சியில் இரட்டைச் சுழி உள்ளவன். இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு பெண்டாட்டி என்று நம்மவர்கள் சொல்வது தங்களுக்கும் தெரிந்திருக்கும். முடி வெட்டும்போதெல்லாம் அண்ணன் அதைச் சொல்லி அவனைக் கேலி செய்வாராம். ஒன்றுக்கே வழியில்லை என்று அவன் பதில் சொல்வானாம். ஒரு நாள் விடியற்காலையில், வெடியில் சிதைந்த ஓர் உடலைக் கொண்டுவந்து வைத்து, யார் என்று உறுதி செய்ய முடியாமல் நின்றவர்கள் நாவிதரைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல வழியில்லை. இவர் தலையைத் தம் இரு கைகளாலும் திருப்பி, விளக்கைக் கிட்டத்தில் பிடிக்கச் சொல்லி, உச்சியைப் பார்த்து, பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். ஊருக்குத் தந்தி போனது.

இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். கேட்டவன் நான் என்பதால் எழுதுகிறேன். அவருடைய கடையில் இரட்டைச் சுழிக் குழந்தைகளுக்கு முதல் முடி எடுக்க வரும் தாய்மார்கள் அந்தப் பழைய வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்கும்போது, அண்ணன் மட்டும் சிரிக்க மாட்டார். சீப்பைத் தண்ணீரில் நனைப்பதுபோலத் திரும்பிக்கொள்வார். அவருக்குக் குழந்தைகளைப் பிடிக்காது என்று தெருவில் சிலர் தவறாக எண்ணிக்கொண்டதுண்டு.

டிசம்பர் 16ஆம் நாளை நாடு வெற்றி நாளாகக் கொண்டாடுகிறது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த நாள் அது. மேற்கு எல்லையில் போர் நின்றது மறுநாள், 17ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு. ஆகவே அண்ணனுக்கு நாள் என்றால் 17தான். மற்ற நாள்களில் ஒன்பது, ஒன்பதரை வரை கடை திறந்திருக்கும். டிசம்பர் 17 அன்று மட்டும் சரியாக எட்டு மணிக்கு, நாற்காலியில் ஆள் இருந்தாலும் அவரை முடித்து அனுப்பிவிட்டு, காத்திருப்பவர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கதவை இழுத்துவிடுவார். இதன் காரணம் தெரியாமல் ஒரு முறை நானும் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன், அரை முகத்தில் சோப்பு நுரையோடு போகச் சொல்லாததே பாக்கி என்று. அதோடு சாப்பர்களுக்குப் போர் அந்த எட்டு மணிக்கும் முடியவில்லை. புதைத்த வெடிகளை எடுக்கும் வேலை அதன்பிறகும் மாதக்கணக்கில் நடந்தது. போர் நின்ற பிறகும் கால் இழந்தவர்கள் இருந்தார்கள்.

அவருக்கு மூன்று பதக்கங்கள். மேற்கு முனையில் பணியாற்றியோருக்கான பச்சிமி ஸ்டார், அந்தப் போருக்கான சங்கிராம் பதக்கம், 1972இல் சுதந்திர வெள்ளி விழாவுக்குத் தரப்பட்டது ஒன்று. விளிம்பில் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்ட அந்தப் பதக்கங்களை அவர் கடை மேசை இழுப்பறையில், பழைய பவுடர் டப்பா ஒன்றில் போட்டு வைத்திருந்தார். மார்பில் குத்தி நான் பார்த்ததில்லை. சிறுவர்கள் கேட்டால் எடுத்துக் கையில் கொடுப்பார். பிளேடு இருக்கும் இழுப்பறையில் கை விடாதே என்று அதட்டவும் செய்வார்.

கடையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பலகையில் 'முடி திருத்தகம்' என்பதற்கு மேல் வேறு பெயர் எழுதவில்லை. தெருவினர் மிலிட்டரி கடை என்றார்கள். இதனால் ஒரு தொல்லை. நம் ஊரில் மிலிட்டரி என்றால் அசைவ ஓட்டல் என்றுதானே பொருள், எம்.சி. ரோட்டில் ஜவுளி எடுத்துவிட்டுப் பசியோடு வரும் வெளியூர்க்காரர்கள் வழி கேட்டு வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, பிரியாணி இருக்கிறதா என்று கேட்டதை நானே இரண்டு முறை கண்டிருக்கிறேன். "இங்க மொட்டைதான் இருக்குது" என்பது அவருடைய நிலையான பதில்.

ஒரே ஒரு சுழல் நாற்காலி, எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி, காத்திருப்போருக்கு ஒரு பெஞ்சு, அதில் அன்றைய தமிழ் நாளிதழ். வடசென்னையில் என் தலைமுறையினர் பலர் எழுத்துக்கூட்டிப் படித்ததே சலூன் பெஞ்சில்தான் என்பதைத் தங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கத்தி தோல்வாரில் பதினைந்து இழுப்பு பெறாமல் ஒருவர் கன்னத்திலும் பட்டதில்லை. பிற்காலத்தில் பாதி பிளேடு மாட்டும் கத்தி வந்தபோதும், ஒருவருக்கு ஒரு பிளேடு என்ற விதியை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், அவர் மீறியதில்லை. படுத்த படுக்கையான நோயாளி என்றால் பெட்டியோடு வீட்டுக்குப் போவார். ஸ்டான்லி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய எங்கள் தெருக்காரர்கள் பலருக்கு வீடு தேடிப் போய்ச் சவரம் செய்தவர். நடமாட முடிந்தவர் வசதியைக் காட்டி வீட்டுக்கு வரச் சொன்னால் போக மாட்டார். பெரிய வீட்டுக்காரர் ஒருவர் கார் அனுப்பியபோது, காரிலேயே அவரை வரச் சொல்லி அனுப்பிய கதை தெருவில் இன்றும் வழங்குகிறது.

சுவரொட்டி ஒட்டிய இளைஞர்களின் கூச்சம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன், நான் பெஞ்சில் இருந்தபோது, கல்லூரிப் பையன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "தாத்தா, அப்போ நீ சண்டை போடலியா? அங்கயும் முடிதான் வெட்னியா?" என்று கேட்டான். பெஞ்சில் இருந்த அவனுடைய நண்பர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஆமாம்பா, முடிதான் வெட்டினேன். தலைய ஆட்டாத, குனி" என்று பிடரியைப் பிடித்து அழுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார். சிரித்த பையன்களில் இருவர்தான் இன்று சுவரொட்டிக்குக் காசு போட்டவர்கள். அன்றைய சிரிப்புக்கு வருந்தியே இப்போது அந்தச் சொல்லை விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வருத்தம் நல்லதுதான், ஆனால் வழி தவறிவிட்டது. அவர் கூசாத ஒன்றுக்கு அவருக்காக இவர்கள் கூசுகிறார்கள்.

நாங்கள் குடியிருக்கும் பேட்டையின் பெயரையே பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியேறிய இடம் என்பதால் வண்ணாரப்பேட்டை. முகவரியில் நாள்தோறும் எழுதுகிறோம். மெட்ரோ ரயிலில் ஒலிபெருக்கி சொல்கிறது. யாருக்கும் நாக்கு கூசவில்லை. நாவிதரின் பெயர்தான் நகரத்தில் ஒட்டவே இல்லை. தெற்கே பக்கிங்ஹாம் கால்வாயின் மேல் ஹாமில்டன் என்ற வெள்ளைக்காரர் பெயரில் இருந்த பாலத்தை நம் மக்கள் 'அம்பட்டன் வாராவதி' என்று திரித்துச் சொல்ல, அதைக் கேட்ட வெள்ளைக்காரர்கள் மறுபடியும் ஆங்கிலத்தில் 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' ஆக்கிவிட்டார்கள் என்று சொல்வார்கள். பின்னாளில் அது அம்பேத்கர் பாலம் ஆயிற்று. இந்தக் கதையை அண்ணனிடம் சொன்னபோது அவர், ஒரு பாலத்துக்காவது நம்ம பேரு தப்பாவாச்சும் வந்துதே என்றார். அவர் அணிந்த காக்கிகூட இங்கிருந்து போனதுதான் என்பது அவருடைய கட்சி. ராணுவத்துக்குக் காக்கித் துணி நெய்து கொடுத்த பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலை எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. 1996இல் அது மூடப்பட்டபோது, வேலையிழந்தவர்களுக்குப் பல மாதம் கணக்கில் எழுதி முடி வெட்டினார். அந்தக் கணக்கு நோட்டு என்ன ஆயிற்று என்று நான் கேட்டதில்லை.

ஓய்வூதிய மனுக்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் தங்கள் பக்கம் போதாது. ஆண்டுதோறும் நவம்பரில் தாம் உயிரோடு இருப்பதாக அவர் சான்று தர வேண்டும். கைரேகை வைத்து உயிர்ச்சான்று பெறும் முறை வந்தபின், ஒரு சேவை மையத்தில் இயந்திரம் அவருடைய பத்து விரல்களில் ஒன்றையும் ஏற்கவில்லை. அறுபது ஆண்டுகள் சோப்புத் தண்ணீரிலும் படிகாரத்திலும் ஊறிய விரல்; ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. எதிரே நிற்கும் ஆளை உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொள்ள அந்த இயந்திரத்துக்கு மனம் வரவில்லை. மூன்றாம் நாள் நான் சண்டை போட்டுக் காகிதச் சான்று வாங்கினோம். ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டத்தின் நிலுவை நான்கு தவணையாக வந்தபோது, முதல் தவணையில் நாற்காலிக்குப் புது உறை போட்டார். மற்ற மூன்றும் பேத்தியின் படிப்புக்குப் போயின.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்து இரண்டு மாதத்துக்கு மேல் கடை பூட்டிக் கிடந்தது. ஓய்வூதியம் இருந்ததால் தமக்குச் சோற்றுக்குக் குறைவில்லை என்று சொல்லி, அக்கம்பக்கத்துச் சலூன்களில் கூலிக்கு வேலை பார்த்த பையன்கள் நால்வருக்கு அரிசி வாங்கிக் கொடுத்தார். ஜூன் மாதம் கடைகள் திறந்தபோது, வருகிறவரின் பெயர், முகவரி, ஆதார் எண் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்று அரசு சொன்னதைக் கேட்டு மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். இவர், "பட்டாளத்துல நம்பர் இல்லாம முடி வெட்டுனதே இல்ல" என்று நோட்டைத் திறந்து வைத்தார். கடைசி இரண்டு ஆண்டுகளாகக் கை நடுங்கியதால் கத்தியைத் தொடவில்லை. காலையில் வந்து பெஞ்சில் உட்கார்ந்து நாளிதழைப் படித்துவிட்டு, மகன் வெட்டுவதைப் பார்த்துக் குறை சொல்லிவிட்டுப் போவார்.

இறந்த அன்று மூலக்கொத்தளத்துக்கு எடுத்துச் சென்றோம். மொழிப்போரில் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் உறங்கும் அதே இடம். வண்டியில் ஏற்றுவதற்கு முன், மகன் பெட்டியைத் திறந்து, அப்பாவின் பழைய கத்தியை எடுத்து, தோல்வாரில் எண்ணிப் பதினைந்து இழுப்பு இழுத்து, தகப்பனார் முகத்தைத் தாமே மழித்தார். வெளியே சுவரொட்டியில் அவர் போர்வீரராக இருந்தார்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. 'காலாட்படை வீரர்' என்பதை 'மதராஸ் சாப்பர்கள் படையில் முடிதிருத்துநராகப் பணியாற்றி 1971 போரில் பங்கேற்றவர்' என்று திருத்தி, முன்னர் செய்தி வந்த அதே பக்கத்தில் வெளியிட்டு உதவ வேண்டுகிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடிக்கும் அட்டையில் அந்த வரியைச் சேர்க்க மகனும் ஒப்புக்கொண்டுவிட்டார்; இளைஞர்களிடமும் பேசியிருக்கிறேன். மேலும் ஒன்று. திருத்தத்தைச் செவ்வாய்க்கிழமை இதழில் போட வேண்டாம். அன்று சலூன்களுக்கு விடுமுறை. படிக்க வேண்டியவர்கள் கண்ணில் படாமல் போய்விடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற துறைமுகக் கணக்கர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 600021.